கடன் வாங்கிய தொப்புள்கொடி

பால்மாரியல், அத்ராத்தோ ஆற்றங்கரை
3 மார்ச் 1991

கில்மா,

'அன்புள்ள' போடலாமா வேண்டாமா என்று யோசித்தே ஒரு தாள் வீணாகிவிட்டது. கடைசியில் போடவில்லை. கோபம் இன்னும் தீரவில்லை என்று நீயே புரிந்துகொள்.

சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். டாக்டர் பட்டம் முழுதாகக் கைக்கு வர வேண்டுமானால் இந்த ஒரு கிராம வருடத்தைக் கழித்தாக வேண்டும், கழித்துக்கொண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரி என்று பெயர், தகரக் கூரை போட்ட இரண்டு அறைதான். நானும் சுனில்டா என்கிற நர்ஸும் இருக்கிறோம். தினமும் மழை. தபால் படகு மனசு வைத்தால் வரும்.

போன வாரம் ஒரு குழந்தை பிறந்ததும் துவண்டு கிடந்தது. உடனே மருந்து ஏற்ற வேண்டும். அவ்வளவு சின்னக் கையில் நரம்பு கிடைக்காது, தொப்புள்கொடி வழியாகக் குழாய் விட வேண்டும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குழாயை எடுத்தேன். கை உதறியது. குழாயின் நுனி கொடிக்கு மேலே ஆடிக்கொண்டே நின்றதே தவிர உள்ளே இறங்கவில்லை. நல்லவேளை, குழந்தை தானாகவே வீறிட்டு அழுது தானாகவே சிவந்தது. நான் ஒன்றுமே செய்யவில்லை. எல்லோரும் எனக்கு நன்றி சொன்னார்கள், நானும் வாங்கிக்கொண்டேன்.

அந்த உதறல் எங்கிருந்து வந்தது என்று சொல்லட்டுமா? குழந்தைகள் வார்டில், அத்தனை பேர் பார்க்க, நீ என் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கினாயே, அன்றைக்கு வந்தது. "தள்ளுடி" என்றாய். உன் முழங்கை என் விலாவில் இடித்தது. ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தாய். குழந்தை பிழைத்தது. அதற்குப் பிறகு யாரும் என்னிடம் ஊசியை நீட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பிறந்தால் அதன் தொப்புளில் ஏதாவது ஒன்றைப் பொடித்து வைப்பார்கள். எறும்பை வைத்தால் உழைப்பாளி ஆகும். தங்கத் தூள் வைத்தால் காசு சேரும். வைரம் பாய்ந்த மரத்தின் பொடி வைத்தால் உடம்பு இறுகும். என்ன வைத்தார்களோ அதுதான் அந்த ஆளின் குணம். 'பச்சைத் தொப்புளில் கண்டதை வைக்காதீர்கள், பிள்ளைக்கு ஜன்னி வரும்' என்று வந்த நாளிலிருந்து தொண்டை கிழியக் கத்துகிறேன். கிரெசென்சியா அம்மாள்தான் இந்த ஊருக்கு வாய். என் கை ஆடியதைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "ஏன் டாக்டரம்மா, ஒனக்குத் தொப்புள்ள என்னத்த வெச்சாங்க? தொட்டாச்சிணுங்கியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய மருமகள் நெய்லாவுக்கு இது ஐந்தாம் மாதம். இப்போதே கால் வீங்குகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. அவள் பிள்ளைக்கே இந்தக் கை வேண்டியிருக்கலாம். அதனால்தான் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். உன் கை எப்படி ஆடாமல் நிற்கிறது? அதை மட்டும் எழுது. சமாதானம் எல்லாம் வேண்டாம்.

நோரெல்பா


மெடலின்
20 மார்ச் 1991

என் அன்புக்குரிய கோபக்காரியே,

நான் 'அன்பு' போடுவேன். எனக்குத் தாள் பஞ்சம் இல்லை.

முதலில் பழைய வழக்கைத் தீர்ப்போம். அந்தக் குழந்தை நீலம் பாரித்துக் கிடந்தது. நீ திரும்பத் திரும்பத் தேடிக்கொண்டிருந்தாய். நான் பிடுங்கினேன். நாளைக்கும் அதே குழந்தை அதே நிறத்தில் கிடந்தால் பிடுங்குவேன். மன்னிப்பு வரும் என்று காத்திருக்காதே. ஆனால் நம் அறையிலிருந்த காப்பிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனாயே, அதற்கு நீ என்னிடம் மன்னிப்புக் கேட்கலாம். நான் சோறு வடிக்கிற சட்டியில் காப்பி போட்டுக் குடிக்கிறேன். காப்பியில் பருக்கை மிதக்கிறது.

இரண்டாவது, ஆடாத கை என்று ஒன்று உலகத்தில் கிடையாது. என் கையும் ஆடும். நான் வேகமாகச் செய்கிறேன், அதனால் வெளியே தெரிவதில்லை. இதை நீ யாரிடமும் சொல்லாதே. குலுக்கலில் கிராம வருடத்திலிருந்து தப்பி, குழந்தை மருத்துவ மேற்படிப்பில் சேர்ந்துவிட்டு இங்கே நான் பெரிய வீராங்கனை வேஷம் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவதுதான் விஷயம். ஒவ்வொரு பிரசவத்துக்கும் பிறகு கொடியை வாளியில் எறிகிறோம் இல்லையா? எறியாதே. எடுத்து உப்புத் தண்ணீரில் போட்டு வை. குறுக்கே வெட்டினால் ஒரு முகம் தெரியும். தடித்த இமையோடு இரண்டு சின்னக் கண்கள். மெல்லிய உதட்டோடு ஒரு பெரிய வாய், கொஞ்சம் கோணி இருக்கும். கண்ணைக் குத்தாதே, வாய்க்குள் போ, அதுதான் உனக்கு வேண்டிய நரம்பு. அவசரத்துக்கு விரல் நுனி அளவு போனால் போதும், ரத்தம் திரும்பி வந்தால் நின்றுவிடு. நூறு தடவை செய். கைக்கு உன் மூளையிடம் பேசவே நேரம் இருக்கக் கூடாது.

மெல்லிய குழாய்கள் கொஞ்சம் அனுப்புகிறேன். மடங்காமல் இருக்க நைலான் காலுறைக்குள் சுருட்டியிருக்கிறேன். காலுறையும் உனக்குத்தான். அந்தச் சேற்றில் யாருக்குக் காட்டப் போகிறாயோ தெரியாது.

பாத்திரத்தை மறந்துவிடாதே.

கில்மா


பால்மாரியல்
22 ஏப்ரல் 1991

கில்மா,

உன் யோசனைக்கு வைத்தேன் ஒரு கும்பிடு! என் பிழைப்பில் மண் விழுந்துவிட்டது.

நீ சொன்னபடியே செய்தேன். பிரசவம் ஆனதும் நஞ்சையும் கொடியையும் வீட்டுக்காரர்களிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது இங்கே முறை. அதைப் புதைத்து மேலே ஒரு மரக்கன்று நடுவார்கள். நான் கொடியில் பாதியை நறுக்கி எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன். யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். காப்பித் தூள் போத்தல் ஒன்றில் உப்புத் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைத்து, நோயாளி இல்லாத நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பழகினேன். கொஞ்சம் கைக்கு வந்தது, பொய் சொல்லவில்லை.

தலைவலி மாத்திரை வாங்க வந்த கிரெசென்சியா அம்மாள் கண்ணில் போத்தல் பட்டது.

"இது என்னது?"

"பழகுறதுக்கும்மா."

"என்னதுன்னு கேட்டேன்."

"கொடி."

அவள் மாத்திரையைக் கீழே வைத்துவிட்டாள். "கொடி பொதைச்ச எடந்தான் ஒரு பிள்ளைக்கு ஊரு. எங்க சுத்துனாலும் அது அங்கதான் வந்து சேரும். நீ பாட்டில்ல போட்டு மூடி வெச்சிருக்கியே, அந்தப் பிள்ளைங்க எங்கடி போய்ச் சேரும்? பாட்டிலுக்குள்ளயா?"

அன்று சாயங்காலத்துக்குள் செய்தி ஆற்றின் இரண்டு கரையும் போய்விட்டது. டாக்டர் பிள்ளைகளின் தொப்புளைத் திருடுகிறாள், சூனியம் வைக்கிறாள். இப்போது ஒரு வாயும் வயிறுமான பெண்கூட இந்தப் பக்கம் வருவதில்லை. எல்லாம் வீட்டிலேயே பெற்றுக்கொள்கிறார்கள். சுனில்டாவும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவளுக்கும் இந்த ஊர்தானே.

நெய்லா வரவில்லை, அதுதான் என்னைக் கொல்கிறது. அவளுக்கு ரத்த அழுத்தம் பார்த்து வாரக் கணக்காகிறது. அவள் வீட்டு வாசலுக்கே போனேன். மாமியார் கதவைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்து நெய்லாவின் குரல் மட்டும் கேட்டது: "எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டரம்மா, நீங்க போங்க."

அவளுக்கு ஏதாவது ஆனால் நான் இந்தத் தொழிலை விட்டுவிடுவேன். மிரட்டலுக்குச் சொல்லவில்லை.

நோரெல்பா


மெடலின்
6 மே 1991

நோரெல்பா,

உன் கடிதம் காலையில் வந்தது. வார்டுக்குப் போகாமல் படிக்கட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வேடிக்கையாக எழுத முடியவில்லை.

எனக்குத் தெரியாதடி. இங்கே அது வாளிக்குப் போகிற சாமான். அங்கே அது ஒருவனுடைய ஊர் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் நீ அங்கேதானே இருக்கிறாய், உனக்குத் தெரியும். பிறகு ஏன் கேட்காமல் எடுத்தாய்? நான் சொல்லட்டுமா? கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள். எதற்கு என்றால், எனக்கு இது செய்யத் தெரியாது என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்வதைவிடத் திருடுவது உனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. நானாக இருந்தாலும் திருடித்தான் இருப்பேன்.

இப்போது உன்னைச் சூனியக்காரி என்கிறார்கள். கற்றுக்குட்டி என்று சொல்லிவிடு. இரண்டில் எது கேவலம்?

எனக்கு இங்கே என்ன பெயர் தெரியுமா? பயிற்சிக்கு வந்த பையன்கள் என்னைப் 'பருந்து' என்கிறார்கள். யார் கையில் ஊசி ஆடினாலும் மேலேயிருந்து இறங்கிப் பிடுங்கிவிடுகிறேனாம். எரிபெர்தோ என்று ஒருவன் இருக்கிறான், நல்ல பையன். நான் வார்டுக்குள் வந்தால் அவன் கழிப்பறைக்குப் போய்விடுகிறான். உன் முதல் கடிதத்தை இன்னொரு முறை எடுத்துப் படித்தேன்.

போய்ச் சொல். சொன்னதும் எழுது.

கில்மா


பால்மாரியல்
30 மே 1991

அன்புள்ள கில்மா,

பார், போட்டுவிட்டேன்.

பாதிரியார் மாதம் ஒருமுறைதான் வருவார். பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது வாசலிலேயே நின்றேன். போத்தல் கையில் இருந்தது. என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்து வைத்ததெல்லாம் பறந்துவிட்டது.

"நான் சூனியக்காரி இல்ல," என்றேன். "எனக்கு ஒரு வேல தெரியல. பிள்ளைங்க தொப்புள்ள குழா விடுற வேல. படிச்சிருக்கேன், கைக்கு வரல. பழகுறதுக்குத்தான் எடுத்தேன். கேக்காம எடுத்தது தப்பு."

பின்னாலிருந்து ஒருத்தி வாய்விட்டுச் சிரித்தாள். "டாக்டருக்கே தெரியாதாம்டி!"

கிரெசென்சியா அம்மாள் சிரிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இதுக்கு முந்தி வந்த டாக்டருங்க எல்லாம் தெரியும்னாங்க. தெரியும்னு சொன்னவன் கையிலதான் என் மூத்த பேரன் போனான். தெரியாதுன்னு சொல்ற டாக்டர இப்பத்தான் பாக்குறேன்."

அப்புறம் அங்கேயே பஞ்சாயத்து நடந்தது. முதல் தீர்ப்பு: போத்தலில் இருந்ததை அந்தந்த வீட்டு மரத்தடியில் நானே குழி வெட்டிப் புதைக்க வேண்டும். மழையில், வெட்டுக்கத்தியை வைத்துக்கொண்டு தோண்டினேன். ஒரு அப்பன்காரன் குழி ஆழம் போதாது என்று திரும்பவும் தோண்ட வைத்தான். இரண்டாவது தீர்ப்பு: இனிமேல் கொடியை எடுக்கக் கூடாது, கடன் கேட்கலாம். பெற்றவள் சம்மதித்தால் கொடுப்பார்கள். கதவைத் திறந்து வைத்து, வீட்டுக்காரர்கள் பார்க்கப் பழக வேண்டும். பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

கில்மா, நம் புரொபசர்கள் எல்லோரையும் ஒரு தட்டில் வை, இந்தப் பெண்களை இன்னொரு தட்டில் வை. வாழைக்காய் உரித்துக்கொண்டு வரிசையாகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். கொடியில் முகம் தெரியும் என்று சொல்லிக் காட்டினேன், அதுதான் நான் செய்த பிழை. இப்போது எல்லோருக்கும் தெரிந்துபோய்விட்டது.

"வாயில ஊட்டச் சொன்னா கண்ணுல குத்துறா பாரு!"

"மெதுவா, மெதுவா. புருசனுக்கா ஊட்டுற, பிள்ளைக்குத்தானே?"

"கை ஆடுது, நூலக் கட்டி இழுத்துப் புடிக்கவா?"

கை ஆடத்தான் செய்கிறது. ஆனால் ஒன்று கவனித்தேன். இத்தனை ஏச்சுப் பேச்சுக்கும் நடுவில் ஒருத்திகூட எழுந்து வந்து என் கையிலிருந்து குழாயை வாங்கவில்லை. வாங்கி என்ன செய்வார்கள், அவர்களுக்கும் தெரியாது. அதனால் உட்கார்ந்து திட்டுகிறார்கள். திட்டி முடிக்கும்வரை நான் செய்துகொண்டிருக்கிறேன். எங்கேயோ நடுவில் குழாய் உள்ளே போய்விடுகிறது. போனதும் ஒரு சத்தம் போடுவார்கள் பார், ஏதோ நான் கோல் அடித்த மாதிரி!

நெய்லா தவறாமல் வருகிறாள். கொடியின் மறுமுனையை அவள்தான் பிடித்துக்கொள்கிறாள். ரத்த அழுத்தம் குறையவில்லை. கிப்தோ நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்போதே போய் இரு என்றால், மாமியாரும் மருமகளும் ஒரே குரலில், "நேரம் வரட்டும், போவோம்" என்கிறார்கள். ஆறு எப்போது வழிவிடும் என்று யாருக்குத் தெரியும்? எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்பு இருந்த பயம் இல்லை.

நீ திட்டி எழுதியதற்கு நன்றி.

நோரெல்பா


மெடலின்
18 ஜூன் 1991

என் நோரெல்பா,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. "ஒருத்திகூட எழுந்து வந்து வாங்கவில்லை" என்ற இடத்தில் தாள் நைந்துவிட்டது.

நேற்று ஒரு குழந்தைக்கு நரம்பில் ஊசி போட வேண்டியிருந்தது. அவசரம் இல்லாத குழந்தை. பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. எரிபெர்தோவைக் கழிப்பறை வாசலிலேயே மடக்கிப் பிடித்துக் கூட்டி வந்தேன். ஊசியை அவன் கையில் கொடுத்தேன். முதல் தடவை தவறியது. என் கை தானாகக் கிளம்பியது. இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டேன். பைக்குள் ஒரு மிட்டாய்த் தாள் கிடந்தது, அதைக் கசக்கிக் கசக்கியே தூளாக்கிவிட்டேன். என் வாழ்நாளில் இவ்வளவு கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை. ஒரு குழந்தை விழுங்கிய காசை வெளியே எடுத்திருக்கிறேன், அதுகூடச் சுலபம்.

"டாக்டர், நீங்களே போடுறீங்களா?" என்று திரும்பிப் பார்த்தான்.

"எனக்குக் கை வலிக்குது, நீயே போடு" என்றேன். போட்டான்! வெளியே போய் அழுதிருக்கிறான், நர்ஸ் சொன்னாள். பருந்தும் கொஞ்சம் அழுதது, அதை யாரும் பார்க்கவில்லை.

அந்த நீலக் குழந்தை விஷயத்தில் நான் ஊசியைப் பிடுங்கியது சரிதான். இப்போதும் அதையேதான் சொல்வேன். ஆனால் மறுநாள் ஒரு தூங்குகிற குழந்தையிடம் உன்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருக்க வேண்டும். கூட்டிப் போகவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வாழைக்காய் உரிக்கிறவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. என் நன்றியை அவர்களிடம் சொல். எதற்கு என்று கேட்டால், பருந்தின் இறக்கையைக் கட்டிப்போட்டதற்கு என்று சொல்.

நெய்லாவைப் பற்றி உடனே எழுது. காப்பிப் பாத்திரத்தை நீயே வைத்துக்கொள்.

கில்மா


பால்மாரியல்
11 ஆகஸ்ட் 1991

அன்புள்ள கில்மா,

இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டாதே. நெய்லா இருக்கிறாள். பிள்ளையும் இருக்கிறது. முதலில் இதைச் சொல்லிவிட்டேன், இனி நிதானமாகப் படி.

ஜூலை முதல் வாரம், மத்தியானம். தகரத்தில் மழை அடித்ததில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. நெய்லாவை ஓடத்தில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். ரத்தம். பிள்ளைக்கு முன்னாலேயே நஞ்சு பிரிந்துவிட்டது. கிப்தோவுக்குக் கொண்டுபோக நேரமே இல்லை, பிள்ளை வந்துகொண்டிருந்தது. வந்தது. பெண் பிள்ளை. கறுப்பு ஜனங்கள் வாழ்கிற இந்த ஊர்ப் பிள்ளையா என்று கேட்கிற அளவுக்கு வெளுத்துப்போய், அசையாமல் வந்தது. சுனில்டா மூச்சுப் பையை அழுத்தினாள். நெஞ்சு ஏறி இறங்கியது, ஆனால் இதயத் துடிப்பு தேய்ந்துகொண்டே போனது. உடம்பில் ரத்தம் இல்லை. உப்பு நீர் ஏற்றியே ஆக வேண்டும், தொப்புள் வழியாகத்தான் ஏற்ற வேண்டும்.

கொடியை நறுக்கினேன். முகம் தெரிந்தது. கை ஆடியது, கில்மா. பழகினால் ஆடாது என்று நினைத்திருந்தேன், நன்றாகவே ஆடியது. முதல் தடவை நுனி வழுக்கிக் கண்ணில் முட்டியது. என்னை அறியாமல் திரும்பிப் பார்த்தேன். யாராவது 'தள்ளுடி' என்று சொல்ல மாட்டார்களா என்றிருந்தது, உண்மையாகச் சொல்கிறேன். வாசலில் கிரெசென்சியா அம்மாள் நின்றாள். இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஊருக்கே வாயானவள் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பார்த்து, 'செய்' என்பதுபோல் தலையை மட்டும் அசைத்தாள்.

திரும்பினேன். ஆடுகிற கையோடேயே வாயைத் தேடினேன். போயிற்று. குழாயில் கறுப்பாக ரத்தம் திரும்பி வந்தது. உப்பு நீரை மெல்ல மெல்ல ஏற்றினேன். சுனில்டா நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டாள். "ஏறுது டாக்டர், ஏறுது!" உதட்டில் நிறம் வந்தது. பிறகு ஒரு சின்ன முனகல். அதை அழுகை என்று வெளியே சொன்னது நான்தான், வெளியே நின்றவர்கள் போட்ட சத்தத்தில் மழைச் சத்தம் கேட்கவில்லை. மழை விட்டதும் தாயையும் பிள்ளையையும் படகில் கிப்தோவுக்குக் கொண்டுபோனேன். இருவருக்கும் ரத்தம் ஏற்றினார்கள். படகுக்காரன் வழி முழுக்கப் பாடிக்கொண்டே வந்தான், நான் வழி முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டே போனேன்.

உனக்குத்தான் முதல் நன்றி. நீ அனுப்பிய குழாய்தான் உள்ளே போனது. நீ பிடுங்கியதால்தான் எனக்குக் கோபம் வந்தது, கோபம் வந்ததால்தான் எழுதினேன். எதற்கு நன்றி சொல்வது, எதை விடுவது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொள். காலுறை நெய்லாவிடம் இருக்கிறது, திருவிழாவுக்குப் போடப் போகிறாளாம்.

நேற்று அவர்கள் வீட்டில் சாப்பாடு. பாலாடைக்கட்டிச் சோறும் வறுத்த மீனும். சாப்பிட்டு முடித்ததும் கிரெசென்சியா அம்மாள் ஒரு சின்னக் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"டாக்டரம்மா, பிள்ளைக்குத் தொப்புள்ள வெக்கணும். ஒன் நகம் ஒண்ணு வேணும்."

எனக்கு டாக்டர் பேச்சுதான் வந்தது. "தொப்புள்ள ஒண்ணும் வெக்கக் கூடாதுன்னு எத்தன தடவ..."

"தெரியும், தெரியும். பச்சைப் புண்ணுல வெக்கக் கூடாது. அதுக்குத்தானே இத்தன நாள் பொறுத்தேன். நீயே பாரு."

பார்த்தேன். கொடி விழுந்து, புண் ஆறி, தோல் மூடிக் காய்ந்திருந்தது. நகத்தைக் கருக்கிப் பொடித்துத் தொட்டு வைத்துவிட்டு உடனே துடைத்துவிடலாம், ஒரு கெடுதலும் இல்லை. சரி என்றேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"என் கை எப்படின்னு நீங்கதான் பாத்தீங்களேம்மா. ஆடுற கை. போயும் போயும் இத வெச்சு, நாளைக்குப் பிள்ளைக்கும் கை ஆடுனா? நல்ல ஆடாத கையா பாத்து வாங்குங்க."

"ஆடாத கைய வெச்சுக்கிட்டு என்னத்தச் செய்ய? சும்மா கெடக்குற கைகூடத்தான் ஆடாது." அவள் பிள்ளையைத் தூக்கி என் மடியில் போட்டாள். "நான் கதவுல நின்னு பாத்தேன் தாயி. ஆடிக்கிட்டே போய்ச் சேந்துச்சே, அந்தக் கைதான் வேணும் எம்பேத்திக்கு."

பிள்ளை என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. விடுவித்துக்கொண்டு, இடது கையால் கத்தரிக்கோலை எடுத்து வலது கை நகத்தை வெட்டப் பார்த்தேன். இடது கைக்கு அது பழக்கம் இல்லை. ஒரு தடவை வழுக்கியது, இன்னொரு தடவை காற்றை வெட்டியது. நெய்லா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கிரெசென்சியா அம்மாள் எதிரிலேயே உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, நான் வெட்டி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

உன்
நோரெல்பா